இந்த ஒரு வரிசை மட்டும்

புந்தா அரேனாஸில் காற்று
குப்பைத்தொட்டிகளைத் தெருவில் நடத்திக்கொண்டு போகும் இரவு.
மூன்றாம் மாடியில் மிர்க்கா குசானோவிச்
நேற்றுக் காலை ஒன்பது பதினேழின் பதிவுகளைப்
பின்னோக்கி உருட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஒன்பது பதினேழுக்கு
எலிசேயோ பார்ரியா, இரண்டு குதிரைகளோடு,
பொர்வெனீர் கப்பலில் கடைசி லாரி இடத்தைக் கேட்டார்.
நிரல் அந்த இடத்தைப் பூட்டியது. சரிதான்.
பணம் வாங்க வங்கியைக் கூப்பிட்டது.
வங்கி நாற்பத்தோரு வினாடி யோசித்தது.

அந்த நாற்பத்தோரு வினாடியும்
யாராலும் எதுவும் வாங்க முடியவில்லை:
இரவுப் பணி முடிந்த செவிலி நயாதெத்துக்கு ஒரு சாதா இருக்கை,
ஒரு பள்ளிக்கூடத்துக்கு முப்பது,
சவப்பெட்டியோடு வந்தவருக்குப்
பெட்டிக்கு ஒன்று, தனக்கு ஒன்று.
எல்லார் திரையிலும் அதே சின்ன வட்டம்
தன் வாலைத் தானே துரத்திக்கொண்டிருந்தது.

காரணம் இப்போது தெரிகிறது.
இடத்தைத் தேடும்போதே கப்பலின் பெயரையும் கேட்டிருக்கிறாள்,
ரசீதில் அச்சடிக்க.
பொருள்களை அட்டவணைகளாக மொழிபெயர்க்கும் அந்த நிரல் நூலகம்
கேள்வியின் வாலில் ‘மாற்றப்போகிறேன்’ என்று ஒட்டிவிட்டு
கேள்வி தொட்ட எல்லாவற்றையும் பூட்டிவிட்டது.
இடத்தையும், கப்பலையும்.
எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

தமிழில் இதற்கு ஒரு சொல்வசதி உண்டு:
கதவையும் பூட்டலாம், வண்டியில் குதிரையையும் பூட்டலாம்.
அட்டவணையில் கிடப்பதும் வரிசை,
கவுண்ட்டர் முன் நிற்பதும் வரிசை.
மிர்க்காவுக்கு அந்த வசதி இல்லை.
ஆறிப்போன மாத்தே இருக்கிறது, அரைக் கோப்பை.

நூலகத்துக்குள் இறங்குகிறாள்.
பூட்டுச்சொல்லைக் கோக்கும் இடம் பதினொரு வரி.
மேலே எழுதியவரின் குறிப்பு:
‘பெரும்பாலோருக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.’
அதன்மேல் தன்னுடையதை எழுதுகிறாள்,
எந்த அட்டவணை என்று பெயர் கேட்கும் ஒன்றை.
இடத்தை மட்டும் பூட்டு. கப்பலை விடு.

பிறகு, காத்திருப்பவரை என்ன செய்வது?
நயாதெத்துக்கு எந்த இருக்கையும் ஒன்றுதான்;
பூட்டியதைத் தாண்டி அடுத்ததைக் கொடு.
லாரிக்காரருக்கு அடுத்தது கிடையாது.
காக்கவைத்து இல்லை என்பதைவிட
உடனே இல்லை என்பது மேல் என்று எழுதி,
அழித்து,
மூன்று வினாடி என்று எழுதினாள்.
யாராவது மனம் மாறக்கூடும்.

சோதனையில் இரண்டு போலிப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள்.
ஒருவன் ஐந்தாம் இடத்தைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டுக்கு,
மற்றவன் பன்னிரண்டைப் பிடித்துக்கொண்டு ஐந்துக்கு.
தரவுத்தளம் ஒரு வினாடி பார்த்தது.
ஒருவனைக் கொன்றது. மற்றவன் பயணம் போனான்.
செத்தவன் எழுந்து முதலிலிருந்து கேட்டான்;
வேறு இடம் கிடைத்தது.
எல்லாரும் எண் ஒழுங்கில் கேட்டால் இந்தச் சாவும் வேண்டாம்,
சிறியது முதலில், பெரியது பிறகு.
அதையும் சேர்த்தாள்.

சேர்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள்.
ஜலசந்திக்கு அந்தப் பக்கம்
அக்கா டானிட்சாவிடம் அப்பா வீட்டுப் பத்திரம்.
இவளிடம் சாவி.
நீ கையெழுத்துப் போடு, சாவி தருகிறேன்.
நீ சாவி தா, போடுகிறேன்.
பதினான்கு மாதம். கூரையில் இரண்டு தகரம் பறந்துவிட்டது.
பார்த்து ஒருத்தியைக் கொல்ல மேலே யாரும் இல்லை.
வயதில் சிறியவள் மிர்க்கா.

ஆறரைக்குப் புதிய நிரல் ஏறியது.
ஆறு நாற்பதுக்கு, சோதிக்கத்தான் என்று சொல்லிக்கொண்டு,
ஒரு சாதா இருக்கை கேட்டாள்.
அந்த நொடியில் யாரோ ஒரு லாரிக்காரர்
வங்கியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்;
பதிவில் தெரிந்தது.
வட்டம் சுற்றவே இல்லை.
இருக்கை எண் முப்பத்தொன்று.

திரும்பும் பயணமும் வேண்டுமா என்று திரை கேட்டது.
பதில் அழுத்தாமல்
சாவியை எங்கே வைத்தோம் என்று எழுந்து போனாள்.